இரண்டாவது கையெழுத்து

செய்தியை மனிதர் யாரும் என்னிடம் சொல்லவில்லை. காலை ஒன்பது பத்துக்கு என் கைப்பேசியில் ஒரு வரி வந்தது: "ஜெசிந்தா பலமாகக் கீழே விழுந்திருக்கலாம்." அதன் கீழே அவள் வீட்டைக் காட்டும் வரைபடம். அனுப்பியது அவள் மணிக்கட்டில் இருந்த வாட்ச். நான் எதிரே என் வீட்டு மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன்.

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்த நீங்கள் எல்லோரும் என்னைப் பற்றி ஒன்றையே சொன்னீர்கள். மேடம்தான் முதலில் ஓடிப் போனார்கள் என்றீர்கள். நான் மறுக்கவில்லை. அதில் ஒரு திருத்தம் இருக்கிறது. நம் நகர்ச் சங்க மலருக்கு இதை எழுத ஒப்புக்கொண்டதே அதற்காகத்தான். அதற்கு முன் அவளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

ஜெசிந்தாவுக்கு வயது ஐம்பத்தாறு. 'அவர்' என்று எழுதினால் அவளே சிரிப்பாள். வடக்குப்பட்டில் பிறந்தவள், மணம் செய்துகொள்ளாதவள். ஒரகடத்தில் கார்களுக்கு ஒயரிங் செய்யும் தொழிற்சாலையில் கடைசிப் பரிசோதனை மேசை அவளுடையது. ஆறு வருடங்களுக்கு முன் படப்பைக்கு வந்து எங்கள் தெருவில் வீடு கட்டினாள். கைப்பேசி, காதுக்கருவி, ஸ்பீக்கர், வாட்ச் என்று புதிதாக எது வந்தாலும் அவளுக்கு வேண்டும். தொழிற்சாலை வாசலில் கைப்பேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். எட்டு மணி நேரம் அதைப் பிரிந்திருந்துவிட்டு மாலையில் கம்பெனி பஸ்ஸில் ஏறும் முன் பால்குடிப் பிள்ளையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வாள் என்று உடன் வேலை செய்த பெண்கள் சொல்வார்கள்.

என்னிடம் அவள் முதலில் வந்ததும் ஒரு கைப்பேசியோடுதான். நான் முப்பத்தொரு வருடம் தொலைபேசி இணைப்பகத்தில் இருந்தவள், மேற்பார்வையாளராக ஓய்வு பெற்றவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மேடம், இது புச்சு. நான் மாடிக்குப் போய் உங்களுக்குப் போன் பண்றேன். கொரல் எப்டி கீதுன்னு நீங்க சொல்லுங்க."

"எப்படி இருக்கிறது என்று கேள்."

"சரி, எப்படி இருக்கிறது. இப்ப மாடிக்குப் போவட்டா?"

மாடியிலிருந்து ஒன்று முதல் ஐம்பது வரை எண்ணினாள். சொல்லின் முடிவு ஒவ்வொரு முறையும் தேய்ந்து கேட்டது. சொன்னேன். மறு பேச்சில்லாமல் மறுநாளே அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். எனக்கே சங்கடமாக இருந்தது. "நீயும் ஒரு முறை கேட்டிருக்கலாமே" என்றேன்.

"வாங்குனவ செக் பண்ணக் கூடாது மேடம். ஆசையில கண்ணு அவிஞ்சிருக்கும்."

அன்றிலிருந்து அவள் வாங்கிய ஒவ்வொரு பொருளும் என் வீடு வழியாகத்தான் போனது. கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள ஏழு நாள் அவகாசம் உண்டு. அந்த ஏழு நாளுக்கு ஒரு மஞ்சள் அட்டை போடுவாள். பொருளின் பெயர், கண்ட குறைகள், கடைசியில் இரண்டு கையெழுத்துக்கு இடம். முதலாவது அவளுடையது, இரண்டாவது என்னுடையது. தொழிற்சாலையிலும் அப்படித்தானாம், ஒருவர் பார்த்தது போதாது. இரண்டாவது கையெழுத்து விழாத எதையும் அவள் வைத்துக்கொண்டதில்லை.

கடைக்கு அவளோடு ஒரே ஒரு முறை போயிருக்கிறேன். கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கிக்கொண்டு கைப்பேசியின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பின்னால் நான்கு பேர் நின்றார்கள்.

"யக்கா, வாங்க வந்தியா, ஆடிட்டுக்கு வந்தியா?" என்றார் கடைக்காரர்.

"பொண்ணு பாக்க வந்திருக்கேன். பஜ்ஜி எங்க?" என்றாள், கண்ணாடியை எடுக்காமலே. கடையே சிரித்தது. கடைக்காரர் உண்மையாகவே பக்கத்துக் கடையிலிருந்து பஜ்ஜி வாங்கி வரச் சொன்னார். அவள் அன்று எதையும் வாங்கவில்லை.

புதியது வந்தால் பழையது வடக்குப்பட்டில் இருக்கும் தங்கை ரீட்டாவுக்கோ உடன் வேலை செய்யும் யாருக்காவதோ போகும். துடைத்து, கண்ணாடி மாற்றி, கூடவே ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பாள். "பேட்டரி மத்தியானம் மூணு மணி வரைக்கும்தான். இடது பக்க பட்டனை ரெண்டு தடவை அழுத்தணும்." கொடுப்பதைக் குறை சொல்லிக் கொடுப்பானேன் என்று கேட்டேன்.

"கொறையச் சொல்லிக் குடுத்தா அது பழசு இல்ல மேடம். தெரிஞ்சது."

வேலையில் ஒரு முறை தலைசுற்றல் வந்த பிறகு அந்த வாட்ச்சை வாங்கினாள். விழுந்தால் அதற்குத் தெரியுமாம். உடனே, நலமா என்று கேட்கும். ஒரு நிமிடத்துக்குள் அதைத் தொட்டு நலம் என்று சொல்லாவிட்டால் நாம் கொடுத்திருக்கும் எண்ணுக்குச் செய்தி போய்விடும். என்னைக் கேட்காமலே என் எண்ணைக் கொடுத்திருந்தாள்.

ஏழு நாளில் மூன்று முறை பொய்யாகக் கூப்பிட்டது; அது நலமா என்று கேட்டதை மூன்று முறையும் அவள் கவனிக்கவில்லையாம். முதல் முறை அவள் தேங்காய் உடைத்திருக்கிறாள். நான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினேன். இரண்டாம் முறை அவள் வீடு பூட்டியிருந்தது. வரைபடம் வேறு இடத்தைக் காட்டியது. வீட்டுப் புடவையோடு ஷேர் ஆட்டோவில் நாலு பேருக்கு நடுவில் உட்கார்ந்து போய் இறங்கினால் அது மாதா கோவில். உள்ளே யாருக்கோ கல்யாணம். ஜெசிந்தா முன் வரிசையில் நின்று கைதட்டிப் பாடிக்கொண்டிருந்தாள். வாசலில் என்னைப் பார்த்ததும் தட்டுவதை நிறுத்தினாள். நான் திரும்பி வந்துவிட்டேன். மூன்றாம் முறை கரப்பான்பூச்சியைச் செருப்பால் அடித்திருக்கிறாள்.

அட்டையை நீட்டினாள். நான் கையெழுத்துப் போட மறுத்தேன்.

"மூன்று முறை பொய். திருப்பிக் கொடு."

"வாட்ச் ஃபெயில்தான் மேடம். ஆனா மூணு தபாவும் நீங்க வந்தீங்களே. நீங்க பாஸ். எனக்கு அது போதும்."

"இன்னொரு முறை கூப்பிட்டால் வர மாட்டேன்."

"வருவீங்க. பலகையில வெளக்கு எரிஞ்சா மூணு எண்றதுக்குள்ள எடுக்கிற ஆளு நீங்க. நீங்களே எத்தினி தபா சொல்லிகினு கீறீங்க."

சொன்னது உண்மைதான். இணைப்பகத்தில் விளக்கு எரிந்து மூன்று எண்ணுவதற்குள் பதில் சொல்ல வேண்டும். என் பலகையில் எந்த விளக்கும் நான்காவது எண்ணைப் பார்த்ததில்லை. இதைத் தெருவில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன்.

ஏழு நாளும் கடந்தன. என் கையெழுத்து இல்லாமல் அவள் வைத்துக்கொண்ட ஒரே பொருள் அந்த வாட்ச்.

இனி திருத்தம். நான் படித்த கான்வென்டில் தவறு செய்தவள் தானாக எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல வேண்டும். உட்கார்ந்துகொண்டு சொல்வதை சிஸ்டர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அன்று நான் ஓடவில்லை. செய்தியைப் படித்தேன். கைப்பேசியைக் கைப்பிடிச் சுவரில் வைத்தேன். வாளியில் இரண்டு படுக்கை விரிப்பு, நான்கு தலையணை உறை, ஒரு ரவிக்கை பாக்கி இருந்தன. எல்லாவற்றையும் உதறி, ஓரம் சேர்த்து, கிளிப் போட்டேன். இந்த முறை என்ன உடைக்கிறாளோ என்று நினைத்தேன். இறங்கி வந்து கை கழுவி, வேறு புடவை மாற்றிக்கொண்டேன். மாதா கோவில் வாசலில் நின்றதுபோல் மறுபடியும் நிற்கக் கூடாது என்பதுதான் காரணம். பிறகு தெருவைக் கடந்து, என்னிடம் இருந்த சாவியால் கதவைத் திறந்தேன்.

சமையலறைத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள். பால் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது, வாயுவை மூடினேன். கூப்பிட்டேன். நூற்றெட்டுக்குப் பேசினேன். பேசிய நேரம் ஒன்பது இருபத்தொன்று. பதினொரு நிமிடம்.

விழும்போதே உயிர் போயிருக்கும், உடனே வந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார் மருத்துவர். இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் அதையே சொன்னார். அவர் சொன்னதை எழுதிவிட்டேன். பதினொரு நிமிடம் அதனால் குறையவில்லை.

மாலையில் நீங்கள் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் எதிரே என் மாடியில் விரிப்புகள் காய்ந்து ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. திருத்தியிருக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது இரண்டாவது தவறு.

அடக்கம் முடிந்து பத்து நாள் கழித்து ரீட்டா ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தாள். உள்ளே மஞ்சள் அட்டைகள், ரப்பர் பேண்ட் போட்டு. மேலே வாட்ச்.

"இத நீங்க வச்சிக்கங்க மேடம். எல்லாத்துக்கும் மேடம் கையெழுத்துப் போட்டாங்க, இது ஒண்ணுதான் பாக்கின்னு அக்கா சொல்லிகினே இருக்கும்."

அவளிடம்தான் முதலில் சொன்னேன். எழுந்து நின்றே சொன்னேன். துணியில் தொடங்கிப் புடவை வரை எதையும் விடவில்லை. ரீட்டா டின்னின் மூடியை அழுத்திச் சாத்தினாள். பிறகு, "காபி இருந்தா குடுங்க மேடம்" என்றாள். போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனாள். மன்னித்தாள் என்று நான் எழுத மாட்டேன். அவள் அப்படிச் சொல்லவில்லை.

வாட்ச்சை ரீட்டாவிடமே கொடுத்தனுப்பிவிட்டேன். ஜெசிந்தாவின் பொருள்களில் நான் வைத்துக்கொண்டது அதன் அட்டையை மட்டும்தான். முதல் கையெழுத்து அவளுடையது, சாய்ந்து, பெரிதாக, கோட்டுக்கு வெளியே போயிருக்கிறது. குறைகள் என்ற இடத்தில் தேங்காய், கைதட்டல், கரப்பான் என்று அவளே மூன்றையும் எழுதியிருக்கிறாள். நேற்று அதன் கீழே நான் எழுதினேன். மலரின் ஆசிரியர் ஒரு சொல்லையும் மாற்றாமல் அச்சிடட்டும்:

"நான்காம் முறை சரியாகக் கூப்பிட்டது. வாட்ச் பாஸ். இரண்டாம் பரிசோதகர் பதினொரு நிமிடம் தாமதம்."

கையெழுத்துப் போட்டுவிட்டேன்.