செட்டைக்குக் கீழே

கனடாவில், ஸ்காபரோ ஞாயிற்றுச் சந்தையில் நானும் என் ஒன்றுவிட்ட சகோதரர் குணம் அண்ணையும் நிற்கிறோம். அவருடைய மகன் வரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடமாகியும் விமானச் சத்தம் கேட்டால், குண்டு போடும் 'பொம்மர்' என்று கட்டிலுக்கடியில் ஓடுகிறான். அந்தப் பயம் தெளிய ஒரு விளையாட்டு விமானம் தேடுகிறோம்.

மொன்றியலிலிருந்து வந்த நான்தான் மொழிபெயர்ப்பாளன். எங்கள் குடும்பத்தில் படித்தவன் நான் ஒருவன்தான்.

ஒரு மேசையில் சுவீடன் நாட்டுக் கிழவர், தான் மரத்தில் செதுக்கிய போர்விமானங்களை விற்கிறார். அந்நாட்டு விமானப்படையில் மெக்கானிக்காக இருந்தவர். முதலில் லான்சன், பிறகு விகன் விமானங்களைப் பழுதுபார்த்தாராம். இப்போது அவருடைய 'விங்'கைக் கலைத்துவிட்டார்களாம்.

"செட்டையைக் கழட்டிப்போட்டாங்களோ? பிறகு என்னெண்டு பறக்கிறது?" என்கிறார் அண்ணை.

விங் என்றால் இங்கே விமானத்தின் செட்டை அல்ல, படைப்பிரிவு என்று விளக்குகிறேன்.

"அப்ப கேட்டுச் சொல்லு தம்பி, உது எங்கையாவது குண்டு போட்டதோ?"

கேட்கிறேன். கடைசிவரை பயிற்சி மட்டும்தான், போருக்கே போகவில்லை என்கிறார் கிழவர், சற்றுக் கூச்சத்துடன்.

அண்ணையின் முகம் மலர்கிறது. "உதல்லோ நல்ல பொம்மர்! செட்டைக்குக் கீழ கிடக்கிற குண்டுகளை மட்டும் கழட்டித் தரச் சொல்லு."

கிழவர் தயங்குகிறார். பிறகு பேனாக்கத்தியால் ஒவ்வொன்றாக நெம்பி எடுக்கிறார். குண்டுகளை மேசையிலேயே விட்டுவிட்டு, அவற்றுக்கும் சேர்த்துப் பதினைந்து டொலர் கொடுக்கிறோம்.