பாட்டில் கவரில் ஒரு பாடம்

மண்டபத்தில் மார்கழி மாசம்கூட ஃபேன் இல்லாமல் தூங்க முடியாது. இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு உல்லன் நூலில் குல்லாவும் ஸ்வெட்டரும் பின்னுகிறவளைப் பார்த்தால் நாலு பேர் சிரிக்கத்தான் செய்வார்கள். என் வீட்டுக்காரர் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறார். "ஊருக்குள்ள குளிருல நிக்கிறவன் நான் ஒருத்தன்தான், எனக்கு ஒண்ணு போட்டுக் குடு" என்று கேலி பண்ணுவார். போட்டுக் கொடுத்தேன். ஒரு நாள்கூட மாட்டிக்கொண்டு போகவில்லை, அது வேறு விஷயம்.

யூடியூப் பார்த்துக் குரோஷா ஊசி பிடிக்கப் பழகியவள் நான். விற்கிறதுக்கு இல்லை, பரிசு வாங்குறதுக்கும் இல்லை. கை ஓடிக்கொண்டிருந்தால் மனசு ஒரு இடத்தில் நிற்கும், அவ்வளவுதான்.

மகள் பிளஸ் ஒன் சேர்ந்த வருஷம் நானும் ராமநாதபுரத்தில் பி.எட். சேர்ந்தேன். முதல் நாள் வகுப்புக்குள் நுழைந்தேன்; அத்தனை பிள்ளைகளும் எழுந்து நின்று "குட்மார்னிங் மேம்" என்றார்கள். நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்ததும் அவர்கள் முழித்த முழி இருக்கிறதே!

சேர்ந்த அன்றைக்கே வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். "இந்தா பாரு, படிக்கிறியா, பின்னுறியா? ரெண்டு வள்ளத்துல கால் வச்சா நடுக்கடல்லதான் கிடக்கணும்."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நூல் பையைத் தூக்கி பீரோ மேல் போட்டேன். படிப்பு என்றால் படிப்பு. ஆனால் கை சும்மா இருந்தால் எனக்குக் கண் சொக்கும். புத்தகத்தைத் திறந்து இரண்டு பக்கம் தாண்டுவதற்குள் தலை மேஜையில் இடிக்கும். கடைசியில் குழந்தை உளவியல் பேப்பரில் பெயில். ஒரு பிள்ளையைப் பெற்று, பால் கொடுத்து, பிளஸ் ஒன் வரைக்கும் கொண்டுவந்தவள், பிள்ளை வளர்கிற பாடத்தில் பெயில்! இதை யாரிடம் போய்ச் சொல்ல?

இரண்டாம் வருஷம் உச்சிப்புளிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பயிற்சிக்குப் போனேன். அங்கே என் பாடம் அவர்களுக்குப் பிடித்துப்போனது. "ஜூன்ல ஒரு இடம் காலியாகுது, உங்களுக்குத்தான். எல்லா பேப்பரையும் முடிச்சிட்டு வாங்க" என்றார்கள். எனக்கும் அந்த வேலைக்கும் நடுவில் நின்றது அந்த ஒரு பேப்பர்தான். அது போனால் வேலை வேறு ஆளுக்கு.

வழி சொன்னது மகள். அப்போது அவள் பிளஸ் டூ.

"பஸ்ல போக வர ரெண்டு மணி நேரம் போகுதுல்ல, படிக்க வேண்டியதுதான?"

"பஸ்ஸுல புத்தகத்தத் தொறந்தா குமட்டுதுடி."

"அப்பக் கேளு."

என் நோட்ஸை அவளே வாரம் ஒரு பாடமாக வாசித்து போனில் பதிவு பண்ணிக் கொடுத்தாள். நடுநடுவே அதட்டல் வேறு. "அம்மா, இங்கன கவனி, இது கண்டிப்பா வரும்." "தூங்காத, எனக்குத் தெரியும்." காது மட்டும் வேலை செய்ய, கை நமநமத்தது. பழைய குருடி கதவைத் திறடி என்று பீரோ மேலிருந்து பையை இறக்கினேன். வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "ம்ம், நடத்து" என்றார்.

ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடிவிட்டு ஈரத்துணியோடு வருகிறவர்கள் பக்கத்தில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் காதில் மகளோடு பின்னிக்கொண்டே போவேன். ஒரு பாடத்துக்கு ஒரு நிறம். ஒரு பாயிண்டுக்கு ஒரு சுற்று. அப்படியே அது வளர்ந்து தண்ணி பாட்டிலுக்கு ஒரு கவர் ஆகிவிட்டது. அடியில் சிவப்பு கற்றல் விதிகள், நடுவில் நீலம் நினைவாற்றல், மேலே பச்சை வளரிளம் பருவத்தினரின் தேவைகள். பச்சை நூல் தீர்ந்துவிட்டது. கடையில் அதே பச்சை கிடைக்கவில்லை. போகட்டும் என்று வாயைக் கட்டி முடித்துவிட்டேன்.

வீட்டிலும் அதே கதைதான். காதில் போன், கையில் ஊசி. மகள் எதிரே வந்து நின்று எதையாவது சொல்வாள். நான் பின்னலில் ஒரு கண்ணியை விட்டுவிடக் கூடாதே என்று குனிந்தபடியே "ம்" போடுவேன். "ரெக்கார்டிங்ல பேசுனா கேக்குற, நேர்ல பேசுனா 'ம்'மு" என்று ஒரு நாள் சிடுசிடுத்தாள். "பரீட்சை முடியட்டும்டி" என்றேன்.

பரீட்சை அன்றைக்கு ஹாலில் மேற்பார்வைக்கு வந்த டீச்சர் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "அழகா இருக்கே, நீங்களே போட்டதா?" என்று கேட்டார். எனக்கு வாயெல்லாம் பல். மேஜை மேலேயே வைத்துக்கொண்டேன்.

'வளரிளம் பருவத்தினரின் தேவைகள் ஐந்தினை விளக்குக.' மகள் சொன்ன மாதிரியே வந்துவிட்டது. முதல் பாயிண்ட் பாதுகாப்பு, எழுதினேன். இரண்டாவது சுதந்திரம், எழுதினேன். அப்போதுதான் கவனித்தேன், என் இடது கை பாட்டிலைத் தடவிக்கொண்டிருந்தது. ஆள்காட்டி விரல் பச்சையில் ஒவ்வொரு சுற்றாக ஏறிக்கொண்டிருந்தது.

அடிப்பாவி, இது பிட்டு இல்லையா?

ஒரு எழுத்துகூட இல்லாத பிட்டு. யார் பிடித்தாலும் நிரூபிக்க முடியாது. 'கண்டுக்காம எழுதுடி, ஜூன் மாசம் வேலை' என்றது ஒரு மனசு. நாளைக்கு நானும் இப்படி ஒரு ஹாலில் நிற்கணுமே, எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையிடம் "கையைக் காட்டு" என்பேன்? அந்த நினைப்பு என்னை இருக்க விடவில்லை. கையைத் தூக்கினேன்.

"மேடம், இந்தக் கவர அங்கன கொண்டுபோய் வச்சிருங்க."

"ஏன்மா?"

"இதப் பாத்தா பாடம் ஞாபகம் வருது."

அவர் கவரைக் கழற்றி உள்ளும் புறமும் திருப்பிப் பார்த்தார். துண்டுச் சீட்டு எதுவும் இல்லை. "ஞாபகம் வாரதுக்குத்தானே பரீட்சையே" என்று சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

மூன்றாவது வந்தது, நண்பர்களின் ஏற்பு. நான்காவது, தனக்கென்று ஓர் அடையாளம். ஐந்தாவது வரவே மாட்டேன் என்றது. மடியில் கைவிரல்கள் வெறுமனே பின்னிப் பார்த்தன. ஒன்றும் இல்லை. பெல் அடிக்கப் போகிறது, வேலை போச்சு என்றே நினைத்தேன். அந்த நேரத்தில் காதுக்குள் மகள் அதட்டினாள். "அஞ்சாவது, காது கொடுத்துக் கேக்க ஒரு ஆள். அம்மா, கேக்குறியா இல்ல கண்ணி எண்ணுறியா?"

பஸ்ஸில் எத்தனை தடவை அந்த இடத்தில் சிரித்திருப்பேன்! மடமடவென்று அரைப் பக்கம் எழுதினேன்.

வெளியே வரும்போது டீச்சர் கவரைத் திருப்பிக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டில் நின்று பச்சையை எண்ணிப் பார்த்தேன். நாலு சுற்றுதான் இருந்தது. நூல் தீர்ந்ததில் ஐந்தாவதை நான் போடவே இல்லை. கவரை நம்பியிருந்தால் நாலோடு பேப்பரைக் கட்டிக் கொடுத்திருப்பேன். பிற்பாடு ரிசல்ட் வந்தபோது பாஸ் மார்க்குக்கு மேலே மூன்றே மூன்றுதான் இருந்தது. வேலையும் கிடைத்தது.

ஆனால் எனக்கு மறக்காதது பரீட்சை அன்றைக்குச் சாயங்காலம்தான். வீட்டுக்கு வந்ததும் பையைக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையோடு மகளுக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"என்னம்மா, ஊத்திக்கிச்சா?"

"அதெல்லாம் நல்லாத்தான் எழுதிருக்கேன். நீ சொல்லு."

"என்னத்தச் சொல்ல?"

"என்னத்தையாவது. கேக்குறேன்."

என் வெறுங்கைகளைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"அரைப் பரீட்சையில கணக்குல நான் பெயிலும்மா. உங்கிட்ட மூணு தடவ சொன்னேன். நீ 'ம்'முன்ன."