மூன்றின் மேல் கட்டிய ரெட் டேக்

மனிதவள மேலாளர் அவர்களே, என் தம்பி மகளிடமிருந்து மூன்று என்ற எண்ணைப் பறித்தது நீங்கள்தான்.

உங்கள் பெயரை இங்கே போடவில்லை. கம்பெனி பெயரையும் போடவில்லை. உங்கள் மேல் இரக்கம் வந்து அல்ல. தம்பி கெஞ்சிக் கேட்டுக்கொண்டான். அவன் வேலை செய்யும் சின்ன யூனிட் உங்களுக்குத்தான் நட்டு, போல்ட் சப்ளை செய்கிறது. ஓசூரில் யார் வாயைத் திறந்தால் யார் வேலை போகும் என்று யாருக்குத் தெரியும்?

வாசகர்களுக்கு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மோனிஷாவுக்கு ஏழு வயது. அறிவு வளர்ச்சி மெதுவாக இருக்கிற பிள்ளை. அப்பா, அம்மா இரண்டு பேரும் ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள். அதனால் காலையில் அவளை ஸ்கூட்டியில் உட்கார வைத்து மையத்துக்கு அழைத்துப் போவது அத்தையாகிய நான். மையம் என்றால் பெரிதாக எதுவும் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் ஒரே ஒரு அறை, அவளைப் போலச் சில பிள்ளைகள், ஒரு டீச்சர். டீச்சர் பெயர் ரெஜினா. சிங்காரப்பேட்டைக்காரர். இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதற்கென்றே படித்தவர். ஒப்பந்த வேலை.

ஒரு பிள்ளைக்குக் கணக்கு வருமா என்று பார்க்க நாம் என்ன செய்வோம்? "நூறு வரைக்கும் சொல்லு பாக்கலாம்" என்போம். சொல்லிவிட்டால் கை தட்டுவோம். நூறு வரை என் செல்போன்கூடத்தான் சொல்லும். அதற்குக் கணக்குத் தெரியும் என்று யாராவது சொல்வோமா?

ரெஜினா மிஸ் வேறு மாதிரி. ஒரு பழைய முட்டை அட்டை, ஒரு டப்பா நிறைய பெரிய பெரிய நட்டுகள். குழிக்கு ஒரு நட்டு. அவ்வளவுதான் பாடம். நட்டுகள் தம்பி கொடுத்தவை. உங்கள் கம்பெனிக்கு சப்ளை போய், உங்கள் இன்ஸ்பெக்‌ஷனில் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்த சரக்கு. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

முதல் வேலையாக மிஸ் எங்கள் வாயைக் கட்டினார். எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். பக்கத்து வீட்டில் கன்னடம். டிவியில் ஒன், டூ, த்ரீ. ஒரே பொருளுக்கு ஆளுக்கு ஒரு பேர் சொன்னால் பிள்ளை என்ன செய்யும்? "எண்ணிக்கைக்கு மட்டும் ஒரே பாஷ வெச்சுக்கங்க. எதுன்னாலும் பரவால்ல, மாத்தக் கூடாது" என்றார். தமிழ் என்று முடிவானது. என் தம்பி மனைவி சாம்பாருக்குக் கத்திரிக்காய் எண்ணும்போதுகூட தமிழுக்கு மாறினாள்.

ஒன்றுக்கே ஒரு மழைக்காலம் போனது. இரண்டு வந்தது. போனது. மறுபடி வந்தது. மூன்று மட்டும் வரவே இல்லை. மூணு குடு என்றால் டப்பாவே காலியாகும் வரை எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பாள். மிஸ் சலிக்கவில்லை. எனக்குத்தான் சலித்தது. சலித்துக்கொண்டு கேட்டபோது அவர் சொன்னார்: "அவளுக்கு எடுக்கத் தெரியுதுங்க. நிறுத்தத் தெரியல. நிறுத்தறதுதாங்க கணக்கு."

ஒரு நாள் நிறுத்தினாள். மூன்று நட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவ்வளவுதான். இன்னொன்று கேட்டால் முறைத்தாள்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் அப்பாவுக்கு இட்லி வைக்கச் சொன்னோம். மூன்று வைத்தாள். தம்பி நாலாவது கேட்டான். பாத்திரத்தை மூடி அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டாள். அரை வயிற்றோடு நைட் ஷிப்ட் போனான். சிரித்துக்கொண்டே போனான். அவன் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது.

இந்த மூன்றைத்தான் நீங்கள் எடுத்துக்கொண்டு போனீர்கள்.

எப்படி? சேவை செய்தீர்கள். அப்படித்தான்.

ஒரு சனிக்கிழமை, மிஸ் பயிற்சி வகுப்புக்காகக் கிருஷ்ணகிரி போயிருந்த நாளில், உங்கள் ஆட்கள் ஒரே கலரில் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு வந்து இறங்கினார்கள். அந்த அறையில் ஃபைவ் எஸ் செய்தார்கள். ஓசூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஊத்தங்கரைப் பக்கம் இதைப் படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன் – தொழிற்சாலையில் தேவையில்லாத சாமான்களைக் கழித்துக்கட்டி, மிச்சத்தை அதனதன் இடத்தில் வைத்து, தரையில் மஞ்சள் கோடு போடுகிற முறை. எது தேவையில்லை என்று தோன்றுகிறதோ அதன் மேல் சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டுவார்கள். அதுதான் ரெட் டேக்.

முட்டை அட்டைக்கு ரெட் டேக். நட்டு டப்பாவுக்கு ரெட் டேக். இன்னொரு பையன் ஜோடி சேர்க்கப் பழகிய பழைய செருப்புகளுக்கும் ரெட் டேக். சாயங்காலத்துக்குள் எல்லாம் வேனில் ஏறிக் காயலான் கடைக்குப் போய்விட்டது. நட்டை உங்கள் கம்பெனி இரண்டாவது தடவையாக ரிஜெக்ட் செய்தது. இந்தத் தடவை பிள்ளையையும் சேர்த்து.

திங்கட்கிழமை போனோம். அறை ஆஸ்பத்திரி மாதிரி பளபளத்தது. சுவரில் பெரிய டச் ஸ்கிரீன் டிவி. அதில் ஒரு வாத்து வந்து வெள்ளைக்காரக் குரலில் த்ரீ, த்ரீ என்று கத்தியது. மோனி அதைப் பார்க்கவில்லை. முட்டை அட்டை இருந்த மூலைக்குப் போய் நின்றாள். அங்கே மஞ்சள் கோட்டுக்குள் ஒரு பூந்தொட்டி இருந்தது. தொட்டியை நகர்த்தி அதன் அடியில் பார்த்தாள்.

ரெஜினா மிஸ் என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. இந்த வாரப் பத்தியில் அவரையும் நான் விடுவதாக இல்லை. புதன்கிழமை அந்தப் புது அறைக்குத் திறப்பு விழா, அதற்கு மேடைக்குக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். ஏன் மிஸ், வாயே திறக்கலியா என்று கேட்டேன். "காண்ட்ராக்ட்டுங்க நானு" என்றார். கோலத்தை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

புதன்கிழமை நீங்கள் வந்தீர்கள். பேனர் வந்தது. சால்வை வந்தது. கேமரா வந்தது. விருந்தாளி ஒருவரின் மகன் மைக்கில் நூறு வரை சொன்னான், எல்லோரும் கை தட்டினீர்கள். மையத்துப் பிள்ளைகளோடு அதற்கு என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு சாக்லேட் தட்டு. மோனியைக் கூப்பிட்டு நிறுத்தி, "பாப்பா, த்ரீ எடுத்துக்கோ" என்றீர்கள். அவளுக்குத் த்ரீ தெரியாது. நான் கீழே இருந்து, "மூணு, மோனி... மூணு எடு" என்றேன். எடுத்தாள். எடுத்துக்கொண்டே இருந்தாள். கை நிறைந்து, பாவாடையில் போட்டு, கீழே விழுந்ததைக் குனிந்து பொறுக்கி, மறுபடி எடுத்தாள். நிறுத்தவில்லை. ஒவ்வொரு தடவையும் தட்டை ஒட்டி மேஜையில் தடவித் தடவிப் பார்த்தாள் – குழி எங்கே என்று. அது எனக்கும் ரெஜினா மிஸ்ஸுக்கும் மட்டும்தான் புரிந்தது. மிஸ் தலையைக் குனிந்துகொண்டார்.

நீங்கள் மைக்கில் சொன்னீர்கள்: "பாப்பாவுக்கு லிமிட்டே கெடையாது போல!"

சபை சிரித்தது. அந்த வீடியோ இன்னும் உங்கள் கம்பெனி பக்கத்தில் இருக்கிறது. இதயம், பூச்செண்டு, கைகூப்பல் என்று கீழே வரிசையாக வந்திருக்கிறது.

விழா முடிந்ததும் உங்களிடம் வந்தேன். முட்டை அட்டையைப் பற்றிச் சொன்னேன். நீங்கள் மரியாதையாகத்தான் பேசினீர்கள், அதை மறுக்கவில்லை. "மேடம், அதெல்லாம் ஸ்கிராப். அதுக்குப் பதிலாத்தான் இவ்ளோ பெரிய டிவி குடுத்திருக்கோமே" என்றீர்கள். கடையில் வேறு அட்டை கிடைக்காதா என்றும் கேட்டீர்கள்.

கிடைக்கும். வாங்கியும் வந்தோம். தம்பி புது நட்டு கொண்டுவந்தான், எண்ணெய் மினுக்கோடு. மோனி அதைத் தொடவில்லை. வேறு சாமான், வேறு கனம், வேறு இடம்... உங்களுக்கும் எனக்கும் மூன்று என்றால் எங்கேயும் மூன்றுதான். அவளுக்கு அது அந்தத் துருப்பிடித்த நட்டுகளிலும் அந்தக் குழிகளிலும்தான் இருந்தது. அங்கேயிருந்து அதை நாங்கள் இட்லிக்கு மட்டும்தான் கொண்டுவந்திருந்தோம். இப்போது இட்லியும் போய்விட்டது. ஒரு நட்டை எடுத்துவிட்டு ஒரு பட்டன், அடுத்து ஒரு புளியங்கொட்டை என்று மெதுவாக மாற்றலாம் என மிஸ் நினைத்திருந்தாராம். அதற்குள் நீங்கள் மொத்தமாக மாற்றிவிட்டீர்கள். மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கிறோம்.

தம்பி கோபப்படவில்லை. "உட்டுடுக்கா, பெரிய எடம்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து அவனே ஒரு விஷயம் சொன்னான். "ஆனா ஒண்ணுக்கா. ரெட் டேக் கட்டுனா உடனே தூக்கிப் போடக் கூடாது. தனியா ஒரு எடத்துல வெக்கணும். அந்த மெஷின்ல வேல செய்ற ஆபரேட்டரக் கேக்கணும். இது அவங்க எங்களுக்குக் குடுத்த ட்ரெய்னிங்தான்."

ஆக, விதி உங்களுடையது. உங்கள் ஷாப் ஃப்ளோரில் ஒரு பழைய ஸ்பேனரைத் தூக்கி எறியவும் அதைப் பிடிக்கிறவனின் சம்மதம் வேண்டும். எங்கள் பிள்ளைகள் அறையில் வேண்டாம். ஏன்? இனாமாக வாங்குகிறவர்களிடம் எதற்குக் கேட்பது என்றுதானே?

தனியாக போன் செய்யாதீர்கள். தம்பியின் முதலாளி வழியாகச் சொல்லி அனுப்பாதீர்கள். எல்லோரையும் சிரிக்க வைத்த அந்த மைக்கையே பிடியுங்கள், அந்த வீடியோ போட்ட பக்கத்திலேயே போடுங்கள், ஊர் கேட்கப் பதில் சொல்லுங்கள்:

அந்த முட்டை அட்டைக்கு ஆபரேட்டர் மோனிஷா. அவளைக் கேட்டீர்களா?