இலட்சுமி பேருக்கு வந்த போன் கோல்

குலுக்கல் பைக்குள் கையை விட்ட மெட்டில்டாவுக்கு வெள்ளைத் துண்டுதான் வந்தது. பக்கத்து வீட்டு இலட்சுமிக்கு நீலம்.

யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அதன் பிள்ளை மடுவத்தில் அன்று பெண்கள் கூட்டம். உளவியல் ஆராய்ச்சிக்காகக் கொழும்பிலிருந்து வந்திருந்த ஸாஹிரா விளக்கினாள். நீலம் எடுத்தவர்களோடு கிழமைக்கு ஒரு தடவை, புதன்தோறும், போனில் பேசுவார்கள். வெள்ளை எடுத்தவர்களோடு இப்போதைக்குப் பேசமாட்டார்கள். முடிவில் இரண்டு பக்கத்திடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, பேச்சு தனிமையைக் குறைக்கிறதா என்று பார்ப்பார்கள்.

"யாருமில்லாதவங்களுக்கு நீலத்தைக் குடுத்தா என்ன, மிஸ்?" என்றாள் இலட்சுமி.

"நாங்களே ஆள் பார்த்துக் குடுத்தா, மாற்றம் போன் கோலால வந்ததா, ஆளால வந்ததான்னு தெரியாதும்மா. அதனாலதான் குலுக்கல்."

மெட்டில்டா துண்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். கணவர் அந்தனி இறந்த பிறகு அவள் தனி. மகன் ஜெறோம் கட்டாரில். சாமான் பெட்டி வரும், குரல் வராது. விடியலில் இறப்பர்ப் பால் வெட்டப் போனால் மரங்கள்தான் துணை.

புதன்கிழமை அந்திக்கு இலட்சுமி போனோடு வந்து நின்றாள்.

"அக்கா, நீங்களே பேசுங்க. என் வீட்டுல ஒம்பது பேரு. தனிமை கெடைச்சா நானும் ஒரு நாளாவது நிம்மதியா தூங்குவேனே!"

"உன் பேருக்கு வந்ததை நான் எப்படிடி?"

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப என் மரத்துல நீங்க பால் வெட்டல? சம்பளப் பேரு எனக்குத்தானே விழுந்துச்சு?"

தோட்டத்து வழக்கம் அது. இருவருக்கும் தப்பாகப் படவில்லை.

"இலட்சுமி அம்மாவா? இன்னைக்கு நாள் எப்படிப் போச்சு?" என்றாள் போனில் ஸாஹிரா.

மெட்டில்டா திணறினாள். சுவரைப் பார்த்தாள். வரிசையாக ஒட்டியிருக்கும் லயத்து வீடுகளின் நடுச்சுவர் கூரை வரை எட்டாது. அந்தப் பக்கத்துச் சண்டையும் சிரிப்பும் இருமலும் அவளுக்கு மனப்பாடம். இலட்சுமியின் பேரனுக்குப் பல் முளைத்ததைச் சொன்னாள். மருமகள் கோபித்துக்கொண்டு கஹவத்தையிலுள்ள தாய்வீட்டுக்குப் போனதைச் சொன்னாள். 'என் பேரன்' என்றபோது வாய் இனித்தது. அதன் பிறகு, பால் வெட்டும்போதே அடுத்த புதனுக்கான கதைகளைச் சேர்க்கத் தொடங்கினாள்.

ஆராய்ச்சியின் கடைசி நாள் ஸாஹிரா மறுபடி தோட்டத்துக்கு வந்தாள். வெள்ளைத் துண்டுக்காரி மெட்டில்டா எதிரே உட்கார்ந்து, "நல்லாருக்கேன் புள்ள" என்றதுமே, பழகிய குரல் கேட்டு ஸாஹிராவின் பேனா நின்றது.

"போன புதன் சொன்னீங்களே, பேரனுக்குக் காய்ச்சல் விட்டுச்சாம்மா?"

மெட்டில்டா தலை குனிந்தாள். இலட்சுமி பாய்ந்து வந்து, போனைக் கொடுத்ததையும் தனக்காக மெட்டில்டா பால் வெட்டிய கதையையும் சொன்னாள். ஸாஹிராவுக்குச் சிரிப்பு வந்தது, உடனே அடங்கியது.

"பேசினவங்களையும் பேசாதவங்களையும் ஒப்பிட்டுத்தான் பார்க்கணும். நீங்க பேசாத பக்கம் இருந்து பேசிட்டீங்க. இவங்க பேசுற பக்கம் இருந்து பேசல. ரெண்டு பேர் பதிலையும் சேர்க்க முடியாதும்மா."

"அப்ப இனி கோல் வராதா?" என்றாள் மெட்டில்டா.

"வரும். வெள்ளை எடுத்துக் காத்திருந்தவங்களுக்கு அடுத்த கிழமையிலிருந்து பேசுறோம். யாரையும் வெறுங்கையோட விடக் கூடாது. ஆனா பேசப்போறது நானில்ல, என்னோட வேலை செய்யிற இக்ராம்."

அடுத்த புதன்கிழமை மெட்டில்டாவின் சொந்த போனே அடித்தது.

"மெட்டில்டா அம்மாவா? நான் இக்ராம். வீட்டுல எல்லாரும் எப்படி இருக்காங்க?"

சுவருக்கு அப்பால் பேரன் வீறிட்டான், இலட்சுமி அதட்டினாள். அது எதுவும் இனி அவளுடையதில்லை. மெட்டில்டா போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"வீட்டுல நான் மட்டுந்தான், மகன்," என்றாள். "வேற என்ன சொல்றதுன்னு தெரியல. போனை வச்சிராத."