டாப் கியர் போடாத ஊர்

மகள் கைப்பேசியில் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். வளர்ந்த மனிதர்கள் எல்லோருக்கும் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய கைவேலைகள் என்று ஒருவர் அதில் விளக்கிக்கொண்டிருந்தார். சமையல், பொத்தான் தைப்பது, பஞ்சரான டயரைக் கழற்றி மாட்டுவது, ஃபியூஸ் போடுவது, நீச்சல், வண்டி ஓட்டுவது என்று போய்க்கொண்டே இருந்தது. நானும் என் வீட்டுக்காரரும் வாசலில் மிளகைக் காயப்போட்டபடி அதைப் பார்த்தோம். “இது என்னுது”, “இது உன்னுது” என்று ஒவ்வொன்றையும் பங்கு பிரித்துக்கொண்டோம். நீச்சல் மட்டும் இருவருக்கும் தெரியாது. வாசலூர்பட்டி ஏரியில் படகில் போகிறவர்களுக்கே தெரியாது, நமக்கு எதற்கு என்று சொல்லி அவர் அதை நீக்கிவிட்டார். மற்ற எல்லா வேலையும் எங்களுக்குத் தெரிந்திருந்தது, இருவரையும் சேர்த்துக் கணக்கில் எடுத்தால். தனியாகப் பார்த்தால் ஆளுக்குப் பாதிதான் தேறும்.

அவருடைய பாதி பெரியது என்று அவருக்கு நினைப்பு. ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து உயரமான மரத்தில் ஏறி மிளகு பறிப்பார். மோட்டாரைப் பிரித்து மாட்டுவார், அரிவாளுக்குச் சாணை பிடிப்பார். எல்லாவற்றுக்கும் மேலே ஜீப். எங்கள் மலையின் ஒரு பகுதியான தேவனூர் நாட்டில், எங்கள் சிற்றூரிலிருந்து பிரசவத்துக்கும் பாம்புக்கடிக்கும் மலையிறங்கியவர்களில் பாதிப் பேர் அவருடைய ஜீப்பில்தான் இறங்கினார்கள். அடுப்பில் பால் பொங்கினால் மட்டும் அதை இறக்கி வைக்கத் தெரியாமல் என்னைக் கூப்பிடுவார். நான் வருவதற்குள் பால் அடுப்பைக் குளிப்பாட்டியிருக்கும்.

இன்னொருவர் ஓட்டும் வண்டியில் அவரால் நிம்மதியாக உட்கார முடியாது. பஸ்ஸில் போனால் டிரைவருக்குப் பின்சீட்டுதான் வேண்டும். வளைவு வந்தால் அவருடைய வலது கால் தானாகத் தரையை அழுத்தும், இல்லாத பிரேக்கைப் போடும். ஊரே தூங்கிவழிந்துகொண்டு மலையேறும் பஸ்ஸில் இவர் ஒருவர் மட்டும் கண்ணை விரித்து டிரைவருக்கு உதவிசெய்துகொண்டிருப்பார். சம்பளம் கேட்டு வாங்குங்கள் என்று நான் சொல்வதுண்டு.

அப்படிப்பட்டவர் ஒருநாள் பத்திரமாக ஓட்டிக்கொண்டே போய், வளைவுச் சுவரில் ஜீப்பின் இடப்பக்கத்தைத் தேய்த்தார். இறங்கிப் பார்த்துவிட்டு, “ஏம்புள்ள, செவுத்த முன்னால இழுத்துக் கட்டிப்புட்டானுங்க” என்றார். பத்து நாள் கழித்து வேறொரு சுவரும் முன்னால் வந்தது. பிறகு வீட்டுக் கதவுநிலை அவர் தோளை இடித்தது. துணி காயும் கயிறு அவர் கழுத்தைப் பிடித்தது. எல்லாப் பொருளும் சேர்ந்துகொண்டு உங்களை எதிர்க்கின்றன என்று நான் கேலி செய்தேன். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

கண் டாக்டர் வெகுநேரம் சோதித்துப் பார்த்தார். கண்ணுக்குள் அழுத்தம் கூடிப் பக்கப் பார்வை போய்விட்டது, நேராக இருப்பதுதான் தெரிகிறது, போனது திரும்பாது, மருந்து விட்டு இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். “வண்டி மட்டும் இனி ஓட்டாதீங்க” என்று அவர் சொன்னபோது என் வீட்டுக்காரர் தலையாட்டினார். வெளியே வந்து, பஸ்ஸில் வந்தபோதும் இடுப்பில் செருகியிருந்த ஜீப் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாதவர் மாதிரி வேட்டியைத் திரும்பத் திரும்ப இறுக்கிக் கட்டினார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

பஸ் நிற்கும் இடத்திலிருந்து எங்கள் வீடு வெகுதூரம் உள்ளே இருக்கிறது. மரவள்ளியும் மிளகும் சந்தைக்கு இறங்க வேண்டும், அவரைக் கண் காட்ட அடிக்கடி கீழே கூட்டிப்போக வேண்டும். ஜீப் நின்றால் எல்லாம் நின்றுவிடும். சேலத்திலிருந்து மாப்பிள்ளை போன் செய்தார். நல்ல பிள்ளை, பாசமாகத்தான் சொன்னார்: “ஜீப்பக் குடுத்துருங்க மாமா. காட்டக் குத்தகைக்கு உட்டுட்டு இங்க வந்துருங்க. மூணாவது மாடிதான், லிஃப்ட் இருக்குது.” இவர் போனைக் கையில் பிடித்தபடியே எழுந்தார். வாசலில் நின்ற ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, துடைத்த கண்ணாடியையே திரும்பத் துடைத்தார்.

நான் போனை வாங்கி, “ஜீப்ப நான் ஓட்டறனுங்க மாப்பிள்ளை. லைசென்ஸ் கெடைக்கலீன்னா அப்பறம் வாரோம்” என்றேன். யோசித்துச் சொன்னதல்ல, வாய் முந்திக்கொண்டது. அந்தப் பக்கம் மாப்பிள்ளை, “நீங்களா அத்தை?” என்றார். இந்தப் பக்கம் ஜீப்புக்குள்ளிருந்து பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. டாக்டரைப் பார்த்து வந்த பிறகு அவர் சிரித்தது அன்றுதான். இனிப் பின்வாங்க முடியாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். நான் ஜீப் கற்றால் அவர் சமையல் கற்க வேண்டும், முதலில் ராகிக் களி. ஒப்புக்கொண்டார். என்ன பெரிய வேலை என்ற முகத்தோடு களி கிண்டும் துடுப்பைப் பிடித்தார். அடுப்பிலிருந்து இறங்கியதை நான் களி என்று எழுதினால் களிக்கு மரியாதை இல்லை. உருட்டும் முன்பே உருண்டையாக, உள்ளே மாவாக, வெளியே கூழாக இருந்தது. “சத்து அப்படியே இருக்குது புள்ள” என்று தின்றார். நானும் தின்றேன். அவருக்குப் பக்கவாட்டில் இருப்பது தெரியாது என்பதால் உப்பு, எண்ணெய், துடுப்பு எல்லாவற்றுக்கும் இடம் குறித்தோம். வைத்த இடத்திலிருந்து ஒரு டப்பாவை நகர்த்தினாலும் இப்போதெல்லாம் எனக்குத்தான் திட்டு விழுகிறது.

ஜீப் பாடம் திருவிழா மைதானத்தில் தொடங்கியது. ‘எல்’ போர்டு மாட்டினால் பக்கத்தில் லைசென்ஸ் வைத்திருப்பவர் இருக்க வேண்டும் என்பது சட்டம். இருந்தார். அவருக்கு நேரே பார்க்க முடியும், எனக்குப் பக்கவாட்டில் பார்க்க முடியும், இங்கேயும் இருவரும் சேர்ந்துதான் ஒரு டிரைவர். கோபம் இல்லாதபோது என்னைப் புள்ள என்பார், பயம் வந்தால் சாமி என்பார். அந்த மைதானத்தில் நான் முழுநேரமும் சாமியாகத்தான் இருந்தேன்.

“கிளச்ச உடு சாமி. மெதுவா. இன்னும் மெதுவா. ஐயோ, நின்னே போச்சு.”

“மெதுவான்னு நீங்கதானுங்க சொன்னீங்க.”

“மெதுவான்னா நிறுத்தறதா?”

மைதானம் முடிந்து ரோட்டுக்கு வந்தோம். எங்கள் மலையில் வண்டி கற்பது ஒரு தனிப் படிப்பு. வளைவுக்கு முன்பே நீளமாக ஹாரன் அடிக்க வேண்டும். ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவர் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். செகண்டுக்கு மாற்றி, திரும்பி, நிமிர்ந்து தேர்டு போட்டால் அதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். நான் சீக்கிரமே கற்றுக்கொண்டேன். எழுபது கொண்டை ஊசி வளைவையும் சுவரில் தேய்க்காமல் இறங்கிய அன்று, “என்னைய உட நல்லா ஓட்டறே” என்று சொன்னார். அப்போதும் அவர் கால் தரையை அழுத்திக்கொண்டுதான் இருந்தது. ரப்பர் விரிப்பில் அந்த இடம் மட்டும் தேய்ந்து பளபளத்தது.

மலையில் தேர்ச்சி பெற்றவளாகக் கீழே டெஸ்டுக்குப் போனேன். தேர்வு நடத்த வந்த அதிகாரி என் பக்கத்தில் ஏறினார். டெஸ்ட் மைதானத்தின் முதல் திருப்பத்துக்கு முன் ஹாரனை நீளமாக அடித்தேன்.

“யாருக்கும்மா ஹாரன்?”

“எதுக்கால வர்ற வண்டிக்குங்க.”

“எதுக்கால யாருமே இல்லையே.”

“வந்துட்டா என்னங்க பண்றது?”

அவர் ரோட்டுக்குப் போகச் சொன்னார். நேரான ரோடு, தூரத்தில் ஒரு லாரி வந்தது. நான் முறைப்படி இடப்பக்கம் ஒதுங்கி நிறுத்திவிட்டேன். லாரி போயிற்று, பின்னாலேயே பஸ் வந்தது. பஸ் போயிற்று, காரும் டெம்போவும் வந்தன. கீழே இருப்பவர்களுக்கு வேலைவெட்டியே கிடையாதா, வந்துகொண்டே இருக்கிறார்களே என்று நினைத்தபடி காத்திருந்தேன்.

“ஏம்மா நிறுத்திட்டீங்க?”

“ஏறி வர்ற வண்டிக்கு வழி உடோணுங்களே.”

“யாரும்மா ஏறி வர்றா? ரோடு தட்டையா கெடக்குது.”

எனக்கு உறைத்தது. முகம் சூடாகி வண்டியை எடுத்தேன். தேர்டில் ஜீப் கத்தியது. “டாப் கியர் போடுங்க” என்றார். “அது எங்கீங்க இருக்குது?” என்று கேட்டேன். கேலி செய்கிறேனோ என்று என் முகத்தைப் பார்த்தார். உண்மையாகவே எனக்குத் தெரியாது. மலையில் அதற்கு வேலையே வந்ததில்லை. மனுஷன் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “கீழ கொஞ்ச நாள் ஓட்டிட்டு மறுபடி வாங்கம்மா” என்று இறங்கிக்கொண்டார்.

மரத்தடியில் நின்ற என் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. “நாந்தான் புள்ள காட்டித் தரல. எனக்கே அது மறந்துபோச்சு” என்றார். ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகு, “சேலத்துலயும் பொழுது போகாமயா இருக்கும்? மூணாவது மாடின்னா காத்து வரும்” என்றார். மலையில் பிறந்தவர் மூன்றாவது மாடிக் காற்றைப் பற்றிப் பேசுகிறார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. “காத்து வேணும்னா சன்னலத் தொறங்க” என்று சொல்லிவிட்டு வண்டியைச் சந்தை கூடும் பேளுக்குறிச்சிக்கு விட்டேன். தேர்டில்தான்.

அங்கே எங்கள் மிளகை வாங்கும் பாயின் வீடு இருக்கிறது. அவர் சம்சாரம் கார் ஓட்டுவார். விஷயத்தைக் கேட்டுவிட்டுத் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் தம் ஜீப்பில் முதன்முறையாகப் பின்னால் போனார், மிளகு மூட்டை உட்காரும் இடத்துக்கு. நீளமான ரோட்டில் அந்தத் தங்கச்சி, “அழுத்துங்கக்கா. வண்டி கெஞ்சுது பாருங்க” என்றார். அழுத்தினேன். “இப்பக் கீழ இழுங்க” என்றார். இழுத்தேன். கத்திக்கொண்டிருந்த ஜீப் சட்டென்று அமைதியானது. என்ஜின் நின்றுவிட்டது என்று நினைத்துச் சாவியைத் திருகப் போனேன்.

“நிக்கலக்கா. ஓடுது. இதான் டாப் கியரு.”

என் ஜீப்புக்குள் இப்படி ஒரு அமைதி இருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. ஹாரனுக்குப் போன கையை அவர் தட்டித் தட்டி விட்டார். எதிர்வண்டி வந்தபோது கால் தானாகப் பிரேக்குக்குப் போயிற்று. “அவங்க பாதைல அவங்க, நம்ம பாதைல நாம. போங்க” என்றார். பல நாள் சந்தை முடிந்த பிறகு இப்படியே ஓட்டினோம். ஒருநாள் மலைக்கு வாருங்களேன் என்று அழைத்தேன். “ரெண்டாவது வளைவு வரைக்கும் வந்தேங்கக்கா, அங்கேர்ந்து ரிவர்ஸ்லயே இறங்கிட்டேன்” என்றார். அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

மறுபடி டெஸ்டுக்குப் போனபோது அதே அதிகாரிதான் வந்தார். ரோட்டுக்கு வந்ததும், “ஏறி வர்ற வண்டி ஏதாவது இருக்காம்மா?” என்றார். “இன்னிக்கு ஒண்ணும் இல்லீங்க” என்று டாப் கியர் போட்டேன்.

முடிவு தெரிந்ததும் மாப்பிள்ளைக்கு இவரே போன் செய்தார். “ஜீப்பு குடுக்கறதுக்கில்லீங்க மாப்பிள்ளை. டிரைவர் கெடைச்சாச்சு” என்று கத்திச் சொன்னார். அங்கே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எனக்குக் களி கிண்டித் தருவதாக வாக்குக் கொடுத்தார். வெற்றி பெற்றவளுக்கு இது தண்டனையா என்று கேட்டேன்.

‘எல்’ போர்டைக் கழற்றிவிட்டு ஊருக்குத் திரும்பினோம். அடிவாரத்தில் இருக்கும் காரவள்ளி தாண்டி மலை ஏறத் தொடங்கினேன். முதல் சில வளைவுகளில் என் கவனமெல்லாம் ரோட்டில் இருந்தது. செகண்டு, திருப்பம், தேர்டு, மறுபடி செகண்டு. பக்கத்திலிருந்து சாமி என்ற குரல் வரவில்லையே என்று அப்புறம்தான் தோன்றியது. திரும்பிப் பார்த்தேன். செருப்பு இரண்டும் கீழே, அந்தத் தேய்ந்த ரப்பர் விரிப்பின் மேல் கிடந்தன. கால்களைத் தூக்கிச் சீட்டில் சம்மணம் போட்டு, வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

இந்த மனுஷன் ஓடும் வண்டியில் தூங்கி நான் பார்த்ததே இல்லை. எனக்குக் கண் கலங்கியது. டிரைவருக்குக் கண் கலங்கக் கூடாது என்று புறங்கையால் துடைத்துக்கொண்டேன். அடுத்த வளைவு வந்தது. ஹாரன் அடித்தால் எழுந்துவிடுவாரே என்று ஒரு கணம் தயங்கினேன், ஆனால் அடிக்காமல் திரும்பக் கூடாது என்று சொல்லித்தந்தவரே அவர்தான். நீளமாக அடித்தேன். குறட்டை ஒரு நொடி நின்றது, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.