முதல் மனைவி இல்லாத கதைகள்

ஃபிஜித் தீவின் நமாகாவில், நாந்தி விமான நிலையத்தை ஒட்டி இருந்த ஓட்டல் ஒன்றில் ஜான்கி அறைகளைச் சுத்தம் செய்து வந்தாள். விருந்தாளிகள் மறந்துவிட்டுப் போன கைக்கடிகாரம், கறுப்புக் கண்ணாடி, ஒற்றைச் செருப்பு எதுவானாலும் மேற்பார்வைக்காரரிடம் கொடுத்துப் பூட்டி வைக்க வேண்டும். புத்தகத்துக்கு மட்டும் அந்தச் சட்டம் இல்லை. பாதி படித்த புத்தகத்தைக் கேட்டுக் கடல் தாண்டி யாரும் எழுதுவதில்லை என்பதால், கட்டிலுக்கு அடியிலும் நீச்சல் குளத்து நாற்காலிகளிலும் கிடந்த காதல் நாவல்கள் ஜான்கியின் கைப்பைக்குப் போயின. வெயிலுக்குப் பூசும் எண்ணெய் பட்டு அவற்றின் தாள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். பிரித்தால் மணல் உதிரும்.

நாலாம் ஃபாரத்தோடு பள்ளியை விட்டவளுக்கு முதல் சில புத்தகங்கள் கல்லும் முள்ளுமாக இருந்தன. பிறகு பழகிவிட்டது. ரொட்டிக் கடை வைத்திருக்கும் பெண், அவள் தெருவுக்குக் குடிவரும் மாட்டு வைத்தியன், முதல் சந்திப்பிலேயே வாய்ச்சண்டை, நடுவில் ஒரு மனஸ்தாபம், கடைசியில் விமான நிலையத்துக்கு ஓடி வந்து மூச்சிரைக்க மன்னிப்பு. எல்லாம் ஏறக்குறைய இதேதான். அதனால்தான் ஜான்கிக்குப் பிடித்தது. அவற்றில் மழை பெய்வது இருவர் ஒரே குடையில் நடப்பதற்காக. ஒருத்திக்கு வேலை போனால் அடுத்த அத்தியாயத்தில் சொந்தக் கடை திறந்துவிடுவாள். முடிவு என்னவென்று அட்டையைப் பார்த்ததுமே தெரியும். அது தெரிந்துகொண்டே நிதானமாகப் படிக்கலாம்.

வெளியே எதுவும் அப்படி இல்லை. கரும்பு நிலத்தின் குத்தகை முடிந்து, நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். புருஷன் மகேந்திரா தன் தாத்தா கட்டிய வீட்டின் தகரங்களைத் தானே கழற்றி விற்றான். மாமியாரும் சேர்த்து மூவருக்கும் நமாகாவில் இரண்டு அறை வாடகைக்கு எடுத்தார்கள். அவன் யாரோ ஒருவரின் டாக்சியை விமான நிலையத்துக்கு ஓட்டினான். மே மாதம் தலைநகர் சுவாவில் துப்பாக்கிக்காரர்கள் பார்லிமெண்டுக்குள் புகுந்ததும் டாக்சிக்கு ஆள் இல்லாமல் போனது. ஓட்டலில் முதலில் ஒரு மாடியைப் பூட்டினார்கள், பிறகு இன்னொன்றை. ஜான்கிக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை, அப்புறம் ஒரு நாள். புத்தகங்களும் வருவது நின்றுபோனது. பழையதையே திரும்பப் படித்தாள்.

மகேந்திரா விசிட்டர் விசாவில் நியூசிலாந்து போனான். ஆக்லாந்தில் சுமித்ரா என்பவளின் வீட்டுக் கராஜில் தங்க இடம் கிடைத்தது. எண்பத்தேழு கலவரத்துக்குப் பிறகு ஃபிஜியின் பா என்ற ஊரிலிருந்து போனவள், கோழி வெட்டும் தொழிற்சாலையில் வேலை, புருஷன் செத்துப்போய் இரண்டு பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் நமாகா வீட்டுக்காரம்மாவின் போனுக்குக் கூப்பிட்டு ஜான்கியிடம் பேசுவான். மாமியார் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து ரிசீவரின் மறுபக்கத்தில் காதை வைத்துக்கொள்வாள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அந்த யோசனையைச் சொன்னான்.

"வெறும் காகிதம் ஜான்கி. இங்க பாதிப் பேரு அப்படித்தான் வந்திருக்காங்க. நீயும் நானும் பிரிஞ்சிட்டதா கோர்ட்டுல ஒரு காகிதம். சுமித்ராவைக் கட்டுனதா ஒரு காகிதம். எனக்கு இங்கயே தங்குற பேப்பர் கெடச்சதும் அவங்களை விட்டுப் பிரிஞ்சு, உன்னை மறுபடி கட்டிக் கூட்டியாந்துடுவேன்."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"ரெண்டு வருஷம். மூணும் ஆகலாம்."

"அவங்க எதுக்கு இதைச் செய்யணும்?"

"நல்ல மனசு. அவங்களும் தவிச்சுத்தான வந்தாங்க. வருஷம் பொறந்தா என் விசா முடிஞ்சிடும். வக்கீல்கிட்ட சொல்லிட்டேன். நீ போய்க் கையெழுத்துப் போட்டா போதும்."

மாமியார் ரிசீவருக்குள் கத்தினாள். "போடுவாப்பா. நீ ஒடம்பைப் பாத்துக்க."

மறுநாள் ஜான்கியின் வேலை நாள். சலவை அறையில் ஒரே ஒரு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. ஷர்லீனும் அவளும் படுக்கை விரிப்பை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து மடித்தார்கள். ஷர்லீன் மெத்தடிஸ்ட் சபைக்காரி. ஜான்கி படித்து முடித்த நாவல்கள் எல்லாம் அவளிடம் போகும். அவள் அவற்றைப் பாட்டுப் புத்தகத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு படிப்பாள். இருவருக்கும் மிகப் பிடித்தவை காகிதக் கல்யாணக் கதைகள். சொத்துக்காகவோ வேலைக்காகவோ இருவர் பேருக்குக் கல்யாணம் செய்துகொள்வார்கள், ஒரே வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு இருப்பார்கள், பிறகு ஒரு நாள் விழித்துக்கொள்வார்கள். அந்த வகை கிடைத்தால் யார் முதலில் படிப்பது என்று இருவரும் அடித்துக்கொள்வார்கள்.

ஜான்கி விஷயத்தைச் சொன்னாள். ஷர்லீன் கண்ணை விரித்தாள்.

"ஏய், நம்ம புஸ்தகம் மாதிரியே இருக்கு. கராஜ்ல ஆளு, உள்ள வீட்டுக்காரி, பேப்பருக்காக ஒரு கல்யாணம்..."

பாதியில் நிறுத்திவிட்டாள். விரிப்பு இருவருக்கும் நடுவே தொங்கியது.

"சும்மா சொன்னேன் ஜான்கி."

"நீ சொல்லாட்டி எனக்குத் தோணாதா? நேத்தே தோணிடுச்சு."

"அது கதை. நெஜத்துல ஆம்பளைங்க அவ்வளவு லட்சணமா இருக்க மாட்டாங்க. என் வீட்டு ஆர்னல்டைப் பாத்திருக்கேல்ல? அவனை ஒரு வருஷம் யாரு கராஜ்ல விட்டாலும் அப்படியே பத்திரமா திரும்பக் குடுத்துடுவாங்க."

ஜான்கி சிரித்தாள். சிரித்துவிட்டு விரிப்பின் முனையை ஷர்லீனின் கையில் கொடுத்தாள்.

கையெழுத்துப் போடுமுன் சுமித்ராவிடம் ஒருமுறை பேசிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். புத்தகங்களிலிருந்து அவளுக்கு ஒன்று நிச்சயமாகத் தெரியும். ஆணும் பெண்ணும் மரியாதையாக, தூரமாகப் பேசிக்கொண்டால் அங்கே ஒன்றும் நடக்காது. மரியாதையாகப் பேசுகிறவன் கதாநாயகனின் நண்பன், பாதியில் காணாமல் போய்விடுவான். சுமித்ரா 'உங்க புருஷன் நல்ல மனுஷர்' என்று சொல்லிவிட்டால் போதும், அடுத்த நாளே கையெழுத்துப் போட்டுவிடலாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகேந்திராவிடம், போனைச் சுமித்ராவிடம் கொடுக்கச் சொன்னாள்.

"ராம் ராம் பைனி," என்றது கட்டைக் குரல். பைனி என்றால் தங்கை. "உன் புருஷனை நல்லா வளத்து அனுப்பியிருக்கே. சோறு வடிக்கத் தெரியல, பாத்திரம் கழுவத் தெரியல. என் நல்ல சட்டியைக் கருக்கி வெச்சிருக்கான்."

பின்னாலிருந்து மகேந்திராவின் குரல் கேட்டது. "அந்தச் சட்டி எண்பத்தேழுலயே கருகுனது. கப்பல்ல வரும்போதே கருப்பு."

"பாத்தியா வாயை? ப்ளேன்ல வந்தேன்டா நான். கராஜ்ல கெடக்குற ஆளுக்கு என்ன பேச்சு."

"கராஜ் ஒழுகுது."

"ஒழுகுற எடமாப் பாத்துக் கட்டிலைப் போட்டது யாரு? நானா?" பிறகு போனுக்குள், "எப்படித்தான் இத்தனை வருஷம் இவனைத் தாங்குனே, பைனி?"

"அவரு இங்க பேச மாட்டாரு, தீதி," என்றாள் ஜான்கி, பதிலுக்கு அக்கா முறை வைத்து.

உண்மை. பத்து வருஷமாக அவன் 'சரி' என்பான், 'ஆகட்டும்' என்பான். இரண்டு தடவை கரு நிற்காமல் போனபோதும் 'பரவால்ல' என்றுதான் சொன்னான். தகரத்தைக் கழற்றிய அன்றுகூட ஒரு கடுஞ்சொல் இல்லை. அவனுக்கு இப்படி ஒரு வாய் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

போனை வைத்ததும் மாமியார் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டாள்.

"மாரியம்மா கண்ணைத் தொறந்துட்டா. ரெண்டும் கீரியும் பாம்புமா இருக்குதுங்க. கேட்டேல்ல கண்ணு? இனி ஒனக்கு ஒரு பயமும் இல்ல. நாளைக்கே போய்ப் போட்டுட்டு வந்துடலாம்."

வீட்டுக்காரம்மாவும் அதையே சொன்னாள். ஜான்கி முக்காலியை எடுத்து ஓரமாக வைத்தாள். என்னவென்று சொல்வது? சண்டை போடுகிறார்கள், அதனால் எனக்குப் பயமாக இருக்கிறது என்றால் யார் கேட்பார்கள்? சட்டியைப் பற்றிய சண்டை அவளுக்கு மனப்பாடம். அது நாலாவது அத்தியாயம். அவர்கள் இருவருக்கும் இன்னும் தெரியாது, படிக்கிறவளுக்கு மட்டும் தெரியும். அந்த இடத்தில் ஜான்கி எப்போதும் புத்தகத்தை மார்பின்மேல் கவிழ்த்துவிட்டு ஒரு நிமிஷம் தனியாகச் சிரித்துக்கொள்வாள்.

அன்று முதல் அவளால் படிக்க முடியவில்லை. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் அந்தச் சண்டை வந்தது. ஒருத்தி கதவை அறைந்து சாத்துவாள், அவன் ஜன்னல் வழியாக ஏதோ சொல்வான், ஜான்கி புத்தகத்தைக் கீழே வைத்துவிடுவாள். கடைசிப் பக்கத்தை முதலில் படித்துப் பார்த்தாள். விமான நிலையம், அணைப்பு, கைதட்டும் கூட்டம். நாந்தி விமான நிலையத்தில் அவள் பார்க்கும் கூட்டம் கைதட்டுவதில்லை. கழுத்தில் மாலையோடு குடும்பம் குடும்பமாக நின்று அழுகிறது. புத்தகத்தை மூடிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். உள்ளே போய் ஒதுங்கிக்கொள்ள இருந்த ஒரே இடமும் பறிபோயிற்று.

வக்கீலிடம் போகும் நாளுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொன்னாள். காய்ச்சல் என்றாள், பஸ் வரவில்லை என்றாள். ஓட்டலில், இனி வர வேண்டாம், தேவைப்பட்டால் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். மாமியார் சாப்பாட்டை நிறுத்திக்கொண்டாள்.

"என் புள்ளை வாழ்ந்தா உனக்கு ஆகாதா? அவன் திரும்பி வந்து எதுல உழுவான், சொல்லு? உன் தலைமேலயா?"

கேள்வியில் தப்பு இல்லை. வந்தால் நிலம் இல்லை, வீடு இல்லை, டாக்சியும் இல்லை. விசா முடிந்தும் அங்கே ஒளிந்திருந்தால் ஒருநாள் போலீஸ் பிடித்து ஏற்றி அனுப்பும். வா என்று சொல்ல அவள் கையில் ஒன்றுமே இல்லை. ஜான்கி குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருப்பாள்.

மகேந்திரா ஒரு புதன்கிழமை நடுப்பகலில் கூப்பிட்டான். வழக்கமான நாள் அல்ல. மாமியார் கோயிலுக்குப் போயிருந்தாள்.

"ஏன் இன்னும் போடல?"

"நெஜமா பிரியணும்னா நெஜமா கேளுங்க. போடுறேன். பொய்யா கேக்காதீங்க."

"என்ன பேசுற? உனக்காகத்தான இவ்வளவும்? அந்தப் புஸ்தகத்தைப் படிச்சுப் படிச்சு மூளை கெட்டுப்போச்சு உனக்கு."

"ஆமா. அதுல இப்படித்தான் ஆரம்பிக்கும்."

"எப்படி?"

"காகிதத்துக்குக் கட்டிக்குவாங்க. சட்டி பானைக்குச் சண்டை போடுவாங்க."

அவன் சிரிக்க ஆரம்பித்தான். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. அந்தப் பக்கம் சுமித்ராவின் பிள்ளை ஒன்று தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தது. ஜான்கி காத்திருந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் படிக்கும் புத்தகங்களைப் பற்றி அவன் ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போது கேட்டான், குரலைத் தாழ்த்தி.

"அதுல மொதல் பொண்டாட்டி என்ன ஆவா, ஜான்கி?"

"மொதல் பொண்டாட்டி இருக்க மாட்டா. இருந்தா அது சிரிக்கிற கதையா இருக்காது."

மறுத்துச் சொல்ல அவனுக்கு நேரம் இருந்தது. அவளும் அந்த நேரத்தைக் கொடுத்துப் பார்த்தாள். கடைசியில், "இங்க மழை," என்றான்.

"கட்டிலைத் தள்ளிப் போடுங்க," என்று சொல்லி அவளே போனை வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மாமியாரைக் கூட்டிக்கொண்டு நாந்தி டவுனுக்குப் போனாள். வக்கீலின் குமாஸ்தா தட்டச்சு செய்த காகிதத்தை நீட்டி, "திரும்பக் கல்யாணம் பண்ணும்போது நமக்கும் சாப்பாடு போடணும், சிஸ்டர்," என்றான். பிறகு அடுத்த தெருவில் சத்தியப் பிரமாணம் வாங்கி முத்திரை போடும் கமிஷனரிடம் அனுப்பினான். அவர் ஓய்வுபெற்ற வாத்தியார். மேஜையில் கீதையும் பைபிளும் குரானும் அடுக்கி வைத்திருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே முத்திரையை எடுத்துக்கொண்டு, எழுதியிருப்பதெல்லாம் சத்தியமாக உண்மையா என்று கேட்டார். அந்த மாதத்தில் அவர் அதை எத்தனையோ பெண்களிடம் கேட்டிருப்பார்.

மாமியார் பின்னாலிருந்து தமிழில் கிசுகிசுத்தாள். "சும்மா தலையை ஆட்டு. பொய்யின்னு சாமிக்குத் தெரியும்."

"நான் படிச்சுப் பாக்கணும், மாஸ்டர்," என்றாள் ஜான்கி.

அவர் இப்போதுதான் நிமிர்ந்தார். காகிதத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். நாவல் இங்கிலீஷ் இல்லை, வேறு மாதிரி. ஆனாலும் புரிந்தது. என் கணவர் என்னைக் கைவிட்டுப் போய்விட்டார். அவர் திரும்பி வருவார் என்ற எதிர்பார்ப்பு எனக்கு இல்லை. கீழே அவளுக்கான கோடு.

கீதையின்மேல் கை வைத்தாள்.

"உண்மைதான்," என்றாள்.

கையெழுத்தைப் போட்டாள். மை பரவாமலிருக்க வாத்தியார் அதன்மேல் ஒற்றுத்தாளை அழுத்தினார்.

வெளியே உச்சி வெயில். மாமியாருக்குப் பல நாள் பாரம் இறங்கியதுபோல் நடையே மாறிவிட்டது. இரண்டு வருஷம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும் என்றாள். மறுகல்யாணத்தைத் தீமிதி முடிந்த கையோடு கோயிலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்றாள். ஜான்கிக்குச் சிவப்புச் சேலை எடுபடாது, அரக்கு எடுக்கலாமா என்று கேட்டாள்.

"எடுக்கலாம் மாமி," என்றாள் ஜான்கி. பஸ் நிறுத்தம் வரை குடையைக் கிழவியின் தலைக்கு மேலேயே பிடித்துக்கொண்டு நடந்தாள்.