கூலிக்குச் சிரித்தவன்

பிளாசித்துக்குத் தொழில் சிரிப்பு. வேடிக்கைக்குச் சொல்லவில்லை, கூலி வாங்கிக்கொண்டு சிரிக்கிறவன். பாரிஸ் நாடகக் கொட்டகைகளில் அப்போதெல்லாம் கைதட்டவும் அழவும் ஆள் வைத்திருப்பார்கள். அந்தக் கூலிக் கூட்டத்தின் தலைவன் கைத்தடியால் தரையைத் தட்டினால் போதும், பிளாசித் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். கொட்டகை முழுக்கத் தொற்றிக்கொள்ளும்.

அவன் தங்கை ஸெலி அதே மேடையில் கதாநாயகி. பணக்கார வேஷம் போட்டுப் பெண்ணை ஏமாற்றும் காதலன் கடைசியில் அவளிடம் துடைப்பத்தால் அடி வாங்குவான், அதுதான் நாடகம். காதலனாக நடித்த கொந்த்ரான் மேடைக்கு வெளியிலும் அவளைச் சுற்றிச்சுற்றி வந்தான். தனிக்கட்டை என்று சத்தியம் வேறு செய்தான், பாவி. கல்யாணத்துக்கு நாளும் குறித்தாயிற்று.

நாடகம் படங்களோடு புத்தகமாக வந்தது. ரூவான் நகரில் ஒருத்தி அதிலிருந்த ஒரு படத்தில் தன் புருஷனைப் பார்த்துவிட்டாள். கிளம்பி வந்து, திரை தூக்குகிற நேரத்தில் ஸெலியின் ஒப்பனை அறையில் நின்றாள். கீழே முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பிளாசித்துக்கு இது எதுவும் தெரியாது.

துடைப்பக் காட்சி வந்தது. ஸெலி துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து, கட்டையால் கொந்த்ரானின் மூக்கிலேயே போட்டாள். ரத்தம் கொட்டியது.

"கட்டினவ உள்ள நிக்கிறா, உனக்கு நானும் கேக்குதாடா?"

புது வசனம் பிரமாதம் என்று தலைவன் தடியைத் தட்டினான். பிளாசித் சிரித்தான்.

கொந்த்ரான் அவள் முடியைப் பிடித்து இழுத்து, தலையை மேடையிலிருந்த இரும்பு அடுப்பில் மோதினான். மறுபடியும் மோதினான்.

"அண்ணா! அண்ணா!"

நாடகத்திலும் அந்த இடத்தில் அவள் அண்ணனைக் கூப்பிடுவாள். தடி தட்டியது. பிளாசித் கண்ணில் நீர் வரச் சிரித்தான்.

ரத்தத்தோடு ஒரு பல் அவன் மடியில் வந்து விழுந்தது. அப்போதுதான் ஐயோ என்று மேடையில் பாய்ந்து கொந்த்ரானின் கழுத்தை நெரித்தான். இழுத்துப் பிரிப்பதற்குள் நாலு பேருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஜனம் அதற்கும் சிரித்தது.

ஸெலி பிழைத்தாள். தாடை கோணிப்போய், மேடையும் போயிற்று. அண்ணன் சிரித்துக் கொண்டுவருகிற காசில்தான் சாப்பாடு.

அடுத்த பதிப்பில் அந்தச் சண்டையையே படமாகப் போட்டார்கள். மேலே ஸெலி, கீழே முன்வரிசையில் வாயைப் பிளந்த பிளாசித். அவள் அதை வெட்டிச் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே ஒட்டினாள்.

"எதுக்குடி இது? கிழிச்சுப் போட்டுடறேன்."

"இருக்கட்டும்ணா. விளக்கு கண்ணைக் கூசிச்சு. நான் கூப்பிட்டப்ப உன் முகம் சரியாத் தெரியல. இப்பதான் பாக்கறேன்."